பல ஆற்றல் சி.டி. ஸ்கேனில் பொருளை இனங்கண்டு அளவிடும் முறை

வழக்கமான சி.டி. படத்தில் ஒவ்வொரு வாக்சலுக்கும் (படத்தின் மிகச் சிறிய முப்பரிமாணக் கட்டம்) ஓர் எண்தான் கிடைக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று வரையறுக்கப்பட்ட ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் அமைந்த அந்த எண், எக்ஸ் கதிர் அந்த இடத்தில் எவ்வளவு வலுவிழந்தது என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பொருளால் வலுவிழந்தது என்பதைச் சொல்லாது. 70 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அயோடின் இருந்தாலும், 100 மில்லிகிராம் கால்சியம் இருந்தாலும் படத்தில் கூடுவது ஏறத்தாழ 250 அலகுதான். இரத்தக்குழாயின் சுவரையொட்டித் தெரியும் வெண்மை சுண்ணாம்புப் படிவா, செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்தா (குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் அயோடின் மருந்து) என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைக் கொண்டு விடை சொல்ல முடியாததன் காரணம் இதுவே.

ஒரே இடத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆற்றல்களில் அளந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்கிறது. இது புதிய எண்ணமன்று. சி.டி. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டே 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே குறுக்குவெட்டை 100 கிலோவோல்ட், 140 கிலோவோல்ட் ஆகிய இரு குழாய் மின்னழுத்தங்களில் எடுத்து ஒப்பிட்டால் அயோடினையும் கால்சியத்தையும் வேறுபடுத்தலாம் என்று குறிப்பிட்டிருந்தார். 1976-இல் ஆல்வரெஸ், மகோவ்ஸ்கி ஆகிய இருவரும் அதற்குரிய கணித அடிப்படையை வகுத்தனர். அதை அன்றாட மருத்துவத்தில் பயன்படுத்தத் தக்க கருவிகள் பரவலாவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. இந்த வழிகாட்டி, அத்தகைய கருவியில் பணிபுரியும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும், கதிரியல் மற்றும் மருத்துவ இயற்பியல் மாணவர்களுக்கும் உரியது.

அடிப்படையில் நடப்பது என்ன

சி.டி. பயன்படுத்தும் ஆற்றல் எல்லைக்குள் எக்ஸ் கதிரின் ஃபோட்டான்கள் (ஆற்றல் துகள்கள்) உடலில் முக்கியமாக இரண்டு வழிகளில் இழக்கப்படுகின்றன. ஒன்று ஒளிமின் விளைவு. அது பொருளின் அணு எண்ணைப் பொறுத்துப் பன்மடங்கு பெருகும், ஆற்றல் கூடக்கூட, ஏறத்தாழ ஆற்றலின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில், வேகமாகக் குறையும். மற்றொன்று காம்ப்டன் சிதறல். அது பெரும்பாலும் எலக்ட்ரான் அடர்த்தியைப் பொறுத்தது, ஆற்றலோடு மெல்லவே மாறும். எனவே அணு எண் 53 கொண்ட அயோடின், குறைந்த ஆற்றலில் எடுத்த படத்தில் மிகப் பிரகாசமாகவும் உயர்ந்த ஆற்றலில் மங்கியும் தெரிகிறது. அணு எண் 20 கொண்ட கால்சியத்திலும் இதே போக்கு உண்டு, ஆனால் சற்றுக் குறைவாக. தண்ணீரும், தசை போன்ற மென்திசுக்களும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன.

இந்த வேறுபாட்டை எண்களில் பார்ப்பது நல்லது. ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அயோடின், 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 82 அலகும், 80-இல் 19 அலகும் கூட்டுகிறது. அதே அளவு கால்சியம் 40-இல் 6.8 அலகும், 80-இல் 2 அலகும் கூட்டுகிறது. அயோடினுக்கு இவ்விரண்டின் விகிதம் 4.3, கால்சியத்துக்கு 3.4. பொருளை இனங்காணும் வேலை முழுவதும் இந்த விகித வேறுபாட்டின் மீதே நிற்கிறது. அந்த வேறுபாடு பெரிதன்று என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வியை முதலில் முடிவு செய்க

கருவியின் முன் அமர்வதற்கு முன்பே, தேடப்படும் பொருள் எது, அது எந்தெந்தப் பொருள்களிலிருந்து பிரிக்கப்பட வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் தானாகப் பொருளைக் கண்டுபிடிப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அடிப்படைப் பொருள்களின் கலவையாகவே அது ஒவ்வொரு வாக்சலையும் எழுதிக் காட்டுகிறது. தண்ணீர், அயோடின் என்ற இணையைக் கொடுத்தால், எலும்பையும்கூடத் தண்ணீரும் அயோடினும் சேர்ந்த ஒன்றாகவே காட்டும். அயோடின் படத்தில் (அயோடினின் அளவை மட்டும் காட்டும் படம்) முதுகெலும்பு ஒளிர்வதைக் கண்டு அங்கே கான்ட்ராஸ்ட் மருந்து சேர்ந்துவிட்டது என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் கட்டிக்குள் இருக்கும் சிறு சுண்ணாம்புத் துகள் இதே வகையில் ஒளிரும்போது ஏமாறுவது எளிது.

இனங்காண்பதும் அளவிடுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும் இங்கேயே பிரித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கல் யூரிக் அமிலமா, கால்சியமா என்பது இனங்காணும் கேள்வி. இரு ஆற்றல்களில் கிடைத்த எண்களின் விகிதத்தை வைத்து ஓர் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் போதும். கல்லீரல் கட்டியில் எத்தனை மில்லிகிராம் அயோடின் ஏறியிருக்கிறது என்பது அளவிடும் கேள்வி. அதற்கு அளவுத்திருத்தமும் பிழைக் கணக்கும் இன்றியமையாதவை. முதல் வகைக்குப் போதுமான கவனம் இரண்டாம் வகைக்குப் போதாது.

ஸ்கேன் எடுக்கும்போது

உங்கள் கருவி எந்த வகை என்பதை அறிந்திருப்பது அவசியம். இரட்டைக் குழாய்க் கருவியில் இரண்டு குழாய்களும் வெவ்வேறு கிலோவோல்ட்டில் இயங்குகின்றன. உயர் ஆற்றல் குழாயின் முன் வெள்ளீய வடிகட்டி வைக்கப்படுவதால் இரு நிறமாலைகளும் நன்றாகப் பிரிகின்றன. ஆனால் இரண்டாம் உணரியின் பார்வைப்புலம் சிறியது. பருமனான நோயாளியின் உடல் ஓரப்பகுதிகளுக்கு ஆற்றல் தகவல் கிடைக்காது. ஆகவே ஆராய வேண்டிய உறுப்பு மையத்துக்கு அருகில் வரும்படி நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும். ஒரே குழாயில் 80, 140 கிலோவோல்ட்டை நொடிப்பொழுதில் மாற்றி மாற்றி இயக்கும் கருவியில் இரு தரவுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. ஈரடுக்கு உணரிக் கருவியில் மேலடுக்கு குறைந்த ஆற்றலையும் கீழடுக்கு உயர்ந்த ஆற்றலையும் பதிவு செய்வதால் முன்கூட்டியே தனித் திட்டம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எனினும் நிறமாலைப் பிரிவு சற்றுக் குறைவு. வழக்கமான கருவியில் இரண்டு ஸ்கேன்களை அடுத்தடுத்து எடுப்பதும் ஒரு முறையே. அசையாத மூட்டுக்கு அது பொருந்தும். கான்ட்ராஸ்ட் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் உறுப்புக்குப் பொருந்தாது.

ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றின் ஆற்றலுக்கேற்பத் தொகுதிகளாகப் பிரிக்கும் உணரிகள் இன்றைய வளர்ச்சி. காட்மியம் டெல்லூரைடு படிகத்தால் ஆன அத்தகைய உணரி கொண்ட முழுவுடல் சி.டி. கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 செப்டம்பரில் அனுமதி அளித்தது. மின்னணு இரைச்சல் படத்தில் ஏறாதது இதன் பெரும் வலிமை. ஒரு ஃபோட்டான் உண்டாக்கிய மின்னூட்டம் இரண்டு பிக்சல்களுக்கிடையே பிரிந்து இரு சிறிய ஃபோட்டான்களாக எண்ணப்படுவதும், மிகுந்த கதிர்வீச்சில் இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாக எண்ணப்படுவதும் இதன் குறைகள். ஆற்றல் தொகுதிகள் கூர்மையாகப் பிரிந்துவிடும் என்று கருதி இக்கருவியில் அளவுத்திருத்தத்தைத் தளர்த்தக் கூடாது.

படமீட்டலுக்கு, அதாவது தரவிலிருந்து படத்தைக் கணக்கிடுவதற்கு, அளவிடும் வேலைக்கென உள்ள மென்மையான கெர்னலை, அதாவது கணித வடிகட்டியை, தேர்ந்தெடுங்கள். விளிம்புகளைக் கூர்மையாக்கும் கெர்னல் கண்ணுக்கு அழகாக இருக்கும், எண்களைக் கெடுக்கும்.

அளவுத்திருத்தம்

தெரிந்த செறிவுள்ள கரைசல்களை முதலில் அளந்து பார்க்காமல் நோயாளியின் அயோடின் எண்ணை நம்புவது முறையன்று. ஆயத்த பேன்டம் (அளவுத்திருத்தத்துக்கான மாதிரிப் பொருள்) இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையெனில், மில்லிலிட்டருக்கு 300 மில்லிகிராம் அயோடின் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்தில் 1 மில்லிலிட்டரை எடுத்து, மொத்தம் 60 மில்லிலிட்டராகும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கொண்ட கரைசல் கிடைக்கும். 150 மில்லிலிட்டராக்கினால் 2 மில்லிகிராம். 30 மில்லிலிட்டராக்கினால் 10 மில்லிகிராம். இவற்றோடு வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். குமிழி இல்லாமல் நிரப்பி, தண்ணீர் நிறைந்த உருளைக்குள் மையத்தில் ஒன்றும் ஓரத்தில் மற்றவையுமாக நிறுத்தி, நோயாளிக்குப் பயன்படுத்தும் அதே திட்டத்தில் எடுங்கள். பின்னர் குழாய்களின் இடத்தை மாற்றி மீண்டும் எடுங்கள். ஒரே கரைசல் மையத்திலும் ஓரத்திலும் வெவ்வேறு எண்ணைத் தந்தால், அது கற்றை கடினமாதலாலும் (குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் முதலில் இழக்கப்பட்டு, கற்றையின் சராசரி ஆற்றல் கூடுவது) சிதறலாலும் வருவது.

மெய்யான செறிவைக் கிடைமட்ட அச்சிலும் கருவி காட்டிய செறிவைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் கோடு ஒன்றுக்கு நெருங்கிய சாய்வோடு அமைய வேண்டும். தண்ணீர்க் குழாய் சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். சிறிய உருளையிலும் பெரிய உருளையிலும் இதைத் தனித்தனியே செய்யுங்கள், ஏனெனில் குழந்தையின் வயிற்றுக்குச் சரியாக அமைந்த திருத்தம் பெரியவரின் வயிற்றுக்குச் சரியாக அமையும் என்பதற்கு உறுதியில்லை.

கால்சியத்துக்கு வேதியியல் கடையில் எளிதாகக் கிடைக்கும் கால்சியம் குளோரைடைக் கரைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. குளோரினின் அணு எண் 17. அதுவும் கதிரைக் கணிசமாகத் தடுக்கும். எலும்பிலும் சுண்ணாம்புப் படிவிலும் உள்ளது ஹைட்ராக்ஸிஅபடைட். அதைக் கொண்டு செய்த செருகுகளே பொருத்தமானவை. அவற்றிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஹைட்ராக்ஸிஅபடைட்டின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் கால்சியம். 100 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது எதன் எடை என்று பார்க்காமல் கணக்கிட்டால், விடை இரண்டரை மடங்கு பிசகிவிடும்.

கணக்கு, கையால் ஒருமுறை

மென்பொருள் செய்வதை ஒருமுறையாவது கையால் செய்து பார்த்தவருக்கு அதன் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும். அரிசியும் பருப்பும் எவ்வளவு வாங்கப்பட்டன என்பதை மொத்த எடையைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. மொத்த விலையும் தெரிந்தால் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டின் விலையும் நெருங்கியிருந்தால், எடையில் நேரும் சிறு பிழைகூடக் கணக்கைப் புரட்டிவிடும்.

தண்ணீர் போன்ற திசு ஒன்றில் அயோடினும் கால்சியமும் கலந்திருப்பதாகக் கொள்வோம். திசுவின் சொந்த எண்ணைக் கழித்த பிறகு 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் படத்தில் (இரு ஆற்றல் தரவுகளிலிருந்து, அந்த ஒரே ஆற்றலில் எடுத்ததுபோல மென்பொருள் கணக்கிட்டுத் தரும் படம்) 368 அலகும், 80-இல் 98 அலகும் கிடைத்தன. அயோடின் அளவை அ என்றும் கால்சியம் அளவை க என்றும் வைத்தால்,

82 × அ + 6.8 × க = 368
19 × அ + 2 × க = 98

முதல் சமன்பாட்டை 2-ஆலும் இரண்டாவதை 6.8-ஆலும் பெருக்கிக் கழித்தால் 34.8 × அ = 69.6 என்றாகிறது. அயோடின் 2 மில்லிகிராம். அதைப் பதிலிட்டால் கால்சியம் 30 மில்லிகிராம்.

இப்போது 80-இல் கிடைத்த எண் 98-க்குப் பதில் 103 என்று வைத்து அதே கணக்கைப் போடுங்கள். அயோடின் 1.02 மில்லிகிராமாகவும் கால்சியம் 41.8 மில்லிகிராமாகவும் மாறிவிடுகின்றன. வழக்கமான படத்தில் யாரும் பொருட்படுத்தாத 5 அலகுப் பிழை, அயோடினைப் பாதியாக்கிவிட்டது. ஒன்று குறையும்போது மற்றொன்று கூடுவதையும் கவனியுங்கள். ஒவ்வொரு பொருளின் அளவையும் தனித்தனியே காட்டும் பொருட்படங்களில் உள்ள இரைச்சல் இவ்வாறு எதிரெதிர்த் திசையில் இணைந்தே அசையும். இரைச்சலைக் குறைக்கும் பல மென்பொருள் உத்திகள் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்துகின்றன. (இந்தக் கணக்கில் கால்சியம் இடம்பிடிப்பதால் தண்ணீர் விலகுவதை எளிமைக்காக விட்டிருக்கிறேன், செறிவு கூடிய இடங்களில் அதையும் சேர்க்க வேண்டும்.)

மூன்றாவது பொருளைப் பிரிக்க மூன்றாவது சமன்பாடு தேவை. இரு ஆற்றல் கருவிகளில், மூன்று பொருள்களின் கன அளவுப் பங்குகளைக் கூட்டினால் முழு வாக்சலுக்குச் சமம் என்ற ஊகத்தை அதற்கு வைத்துக்கொள்கிறார்கள். கல்லீரலில் கொழுப்பு, திசு, அயோடின் ஆகிய மூன்றையும் பிரிப்பது இப்படித்தான். கல்லீரலில் இரும்புச் சத்து தேங்கியிருந்தால் அந்த ஊகம் உடைந்து, கொழுப்பு குறைத்துக் காட்டப்படலாம். மெய்யான மூன்றாவது அளவீடு வேண்டுமெனில் கே-விளிம்பைப் பயன்படுத்த வேண்டும். குறிப்பிட்ட ஆற்றலைத் தாண்டியதும் ஒரு தனிமத்தின் கதிர்த்தடுப்பு திடீரென உயரும் இடம் அது, அயோடினுக்கு 33.2, கடோலினியத்துக்கு 50.2, தங்கத்துக்கு 80.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பெரியவரின் வயிற்றைத் தாண்டி 33-ஐ ஒட்டிய ஆற்றலில் வெளிவரும் ஃபோட்டான்கள் மிகச் சிலவே என்பதால் அயோடினின் விளிம்பு நடைமுறையில் அவ்வளவாக உதவுவதில்லை. கடோலினியமும் தங்கமும் இவ்வகையில் ஏற்றவை.

இரண்டு நேர்வுகள்

சிறுநீரகக் கல்லை எடுத்துக்கொள்வோம். யூரிக் அமிலக் கல்லில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகிய இலேசான தனிமங்கள் மட்டுமே உள்ளன. எனவே குறைந்த ஆற்றலிலும் உயர்ந்த ஆற்றலிலும் கிடைக்கும் எண்களின் விகிதம் 1-ஐ ஒட்டியே நிற்கும். கால்சியம் ஆக்சலேட், கால்சியம் பாஸ்பேட் கற்களில் அது தெளிவாக உயரும். யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரைக் காரமாக்கும் மருந்தால் கரைக்க முயலலாம், கால்சியக் கல்லை அப்படிக் கரைக்க இயலாது என்பதால், இந்த ஒரு விடை நோயாளி அறுவை அறைக்குச் செல்வதையே தவிர்க்கக்கூடும். இதற்கான ஸ்கேனைக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுக்க வேண்டும். சிறுநீரில் கலந்த அயோடின் விகிதத்தை உயர்த்திவிடும். கல்லின் முழுப் பரப்புக்கும் ஒரே சராசரியைப் போடாமல் உட்பகுதியையும் வெளி ஓட்டையும் தனித்தனியே பாருங்கள். கலப்புக் கற்கள் பல. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் சுற்றியுள்ள சிறுநீரும் அதே வாக்சலில் கலந்துவிடுவதால் உறுதியான விடை சொல்லாமல் நிறுத்திக்கொள்வதே நேர்மை. மூட்டில் யூரேட் (யூரிக் அமிலத்தின் உப்பு) படிகத்தைத் தேடும் ஸ்கேனுக்கும் இதே கோட்பாடுதான். அங்கே நகமும் தடித்த தோலும், மென்பொருள் யூரேட்டுக்குத் தரும் நிறத்தில் பொய்யாக ஒளிரும், அவற்றை இடத்தைக் கொண்டே ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது நேர்வு சிறுநீரகத்தில் தற்செயலாகக் கண்ட கட்டி. கான்ட்ராஸ்ட் செலுத்திய பின் எடுத்த ஒரே ஸ்கேன் கையில் இருக்கிறது. 70 கிலோ எலக்ட்ரான் வோல்ட் படத்தில் கட்டி 45 அலகு. இரத்தம் கசிந்த நீர்க்கட்டியும் இவ்வெண்ணைத் தரும், இரத்த ஓட்டமுள்ள புற்றுக்கட்டியும் தரும். கட்டியின் நடுவே ஒரு வட்டம் வரைந்து, அதை அசைக்காமல் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் படத்துக்கு நகலெடுங்கள். அயோடின் இல்லாத நீர்க்கட்டியானால் எண் 45-ஐ விட்டு அதிகம் நகராது. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அயோடின் இருந்தால், 70-இல் அதன் பங்கு 26, திசுவின் பங்கு 19. 40-இல் அயோடின் மட்டுமே 82 ஆகிவிடுவதால் மொத்தம் 100-ஐ எட்டும். இந்த ஏற்றத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அயோடின் படத்தின் எண்ணைப் படியுங்கள். பிரகாசமான சிறுநீரகத் திசுவால் சூழப்பட்ட சிறு நீர்க்கட்டியில் கற்றை கடினமாதலால் பொய்யான ஏற்றம் தோன்றுவதுண்டு, 0.5 மில்லிகிராமுக்குக் குறைவான அயோடினைப் பல கருவிகள் நம்பத்தக்க முறையில் பிரித்தறிவதில்லை. அயோடினைக் கழித்து உருவாக்கும் கான்ட்ராஸ்டற்ற மெய்நிகர் படம் இங்கே துணைசெய்யும். ஆனால் அது சிறு கற்களையும் மெல்லிய சுண்ணாம்புப் படிவையும் அயோடினோடு சேர்த்து அழித்துவிடக்கூடியது. கல்லில்லை என்று எழுதுவதற்கு அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

எண்ணைப் படிப்பதும் பதிவு செய்வதும்

அளவிடும் வட்டம் கட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று பிக்சலாவது உள்ளே இருக்க வேண்டும். வட்டம் பெரிதாகும்போது சராசரியின் பிழை குறையும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று தொடர்புடையது என்பதால், பிக்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைக் கொண்டு எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. அடுத்தடுத்த மூன்று வெட்டுகளில் அளந்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அருகில் அயோடின் இருக்க வாய்ப்பில்லாத இடமொன்றிலும், பித்தப்பை அல்லது தண்டுவட நீர் போன்றதில், ஒரு வட்டம் வரைந்து அங்கே சுழியம் வருகிறதா என்று சரிபார்க்கும் பழக்கம் எந்த மென்பொருளும் தராத பாதுகாப்பு.

ஒரே நோயாளியின் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போது, மருந்தின் அளவும் இதயத்தின் துடிப்பும் அன்றன்று மாறுவதால், கட்டியின் அயோடின் எண்ணை அதே வெட்டில் உள்ள பெருந்தமனியின் அயோடின் எண்ணால் வகுத்து ஒப்பிடுவதே முறை. சிகிச்சைக்குப் பின் கட்டியின் அயோடின் 2.4-இலிருந்து 1.8-க்கு இறங்கியிருக்க, பெருந்தமனியின் எண்ணும் அதே விகிதத்தில் இறங்கியிருந்தால் கட்டியில் மாற்றம் ஏதும் நிகழவில்லை.

அறிக்கையில் அயோடின் 1.8 என்று மட்டும் எழுதினால் அடுத்த முறை பார்ப்பவருக்கு அது பயன்படாது. மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அலகு, கருவியின் வகை, குழாயின் கிலோவோல்ட், தேர்ந்தெடுத்த அடிப்படைப் பொருள்கள், கெர்னல், வெட்டின் தடிமன், வட்டத்தின் பரப்பு, திட்ட விலக்கம், ஸ்கேன் எடுத்த கட்டம் (மருந்து செலுத்தி எவ்வளவு நேரம் கழித்து எடுத்தது) ஆகியவற்றை எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும். வேறு நிறுவனத்தின் கருவியில் எடுத்த பழைய எண்ணோடு ஒப்பிட நேர்ந்தால், இரு கருவிகளிலும் ஒரே கரைசல்களை அளந்த பதிவு இருந்தாலன்றி, ஏறியது இறங்கியது என்று முடிவு எழுதாமல் இரு எண்களையும் அருகருகே வைத்து, கருவி மாறியதைக் குறிப்பிட்டு விடுங்கள்.